கடைமடைக்குத் தண்ணீர் வந்ததா?

"எத்தனை பர்சென்ட் ப்ளாக்காம்?"

நம் குடும்பங்களில் இதய நோயைப் பற்றிய பேச்சு இந்தக் கேள்வியில்தான் தொடங்கும். மன்னார்குடியில் இருக்கும் அத்தை போனில் கேட்பார். டெக்சாஸில், ரவுண்ட் ராக்கில் இருக்கும் அண்ணன் மகன் பதில் சொல்வான். நாற்பது என்றால் அப்பாடா என்று இருக்கும். எழுபது என்றால் உடனே ஸ்டென்ட் வைக்கச் சொல்வார்கள். தொண்ணூறு என்றால் பேச்சே வராது. ஆஞ்சியோகிராமில் தெரியும் குழாயின் அகலத்தைக் கண்ணால் அளந்து சொல்லும் எண் இது. அந்த எண்ணில் உண்மை உண்டு. ஆனால் நோயாளிக்குத் தெரியவேண்டியது அதில் பாதிதான்.

மேட்டூரில் ஜூன் 12 அன்று அணை திறந்தால் டெல்டா விவசாயி எதைக் கேட்கிறார்? கல்லணையில் ஷட்டர் எத்தனை அடி தூக்கியிருக்கிறார்கள் என்பதையும் கேட்பார்தான். ஆனால் தலைஞாயிறிலும் வேதாரண்யத்திலும் வயல் வைத்திருப்பவருடைய கவலை வேறு: கடைமடைக்குத் தண்ணீர் வந்ததா? வாய்க்கால் அகலமாக இருந்தும் வயல் காயலாம். தூர்ந்துபோன வாய்க்காலிலும் தேவைக்குப் போதுமான நீர் வந்து சேரலாம். அணு மருத்துவத்தின் ரத்த ஓட்டப் படங்கள் கேட்பது இந்தக் கடைமடைக் கேள்வியைத்தான். இதயத் தசைக்கும், நுரையீரலின் காற்றுப்பைகளுக்கும், மூளையின் மடிப்புகளுக்கும் ரத்தம் போய்ச் சேர்ந்ததா? எங்கே சேரவில்லை?

இந்தக் கேள்விக்கு அறிவியல் அடித்தளம் போட்டவர்களில் முக்கியமானவர் லான்ஸ் கூல்ட். பின்னாளில் ஹூஸ்டனில் டெக்சாஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் பல பத்தாண்டுகள் பணியாற்றியவர். 1974இல் அவரும் சக ஆய்வாளர்களும் நாய்களின் இதயத் தமனியைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, அதன் வழியே போகும் ரத்தத்தை அளந்தார்கள். ஓய்வில் இருக்கும் இதயத்தில், தமனியின் விட்டம் ஏறக்குறைய 85 விழுக்காடு குறுகும்வரை ஓட்டம் குறையவே இல்லை. அதே தமனியில், ரத்தக் குழாய்களை விரிக்கும் பொருளைச் செலுத்தி ஓட்டத்தை உச்சத்துக்குக் கொண்டுபோனபோது, ஏறக்குறைய பாதி அடைப்பிலேயே அந்த உச்சம் இறங்கத் தொடங்கியது.

இதற்குக் காரணம் அடைப்புக்குக் கீழே இருக்கும் நுண்தமனிகள். மேலே பெரிய குழாய் குறுகக் குறுக, இவை தம்மைத் தாமே விரித்துக்கொண்டு இழப்பை ஈடுகட்டுகின்றன. ஓய்வு நேரத்தில் தசைக்குக் குறை தெரிவதில்லை. ஆனால் விரிவதற்கான இடம் அங்கேயே செலவாகிவிடுகிறது. படியேறும்போது ஆரோக்கியமான தமனி மூன்று நான்கு மடங்கு ரத்தத்தைக் கூட்டித் தரும். குறுகிய தமனிக்குக் கூட்டித்தர ஒன்றும் மிச்சமில்லை. மாடிப்படியில் நெஞ்சை அழுத்துகிற அதே ஆள், நாற்காலியில் உட்கார்ந்து எடுத்த இ.சி.ஜி.யில் குறையில்லாமல் தெரிவது இதனால்தான். ஆகவே இதயத்தைப் பற்றி ஏதாவது தெரியவேண்டுமென்றால் அதை உழைக்க வைத்துப் பார்க்க வேண்டும். நம் ஊரில் ஸ்ட்ரெஸ் தாலியம் என்றும், அமெரிக்காவில் நியூக்ளியர் ஸ்ட்ரெஸ் டெஸ்ட் என்றும் சொல்லும் சோதனை இந்த ஒரு கருத்தின் மேல் நிற்கிறது.

தாலியம் என்ற பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. இந்தப் படத்துக்காக இன்று ரத்தத்தில் பெரும்பாலும் செலுத்தப்படும் கதிரியக்கப் பொருள் டெக்னீஷியம்-99எம். மென்டலீவின் அட்டவணையில் நெடுநாள் காலியாகக் கிடந்த 43ஆம் இடத்துத் தனிமம் அது. கலிபோர்னியாவின் பெர்க்லியில் எர்னஸ்ட் லாரன்ஸின் சைக்ளோட்ரானில் அடிபட்டுக் கதிரியக்கம் ஏறிய மாலிப்டினத் தகடு ஒன்று 1937இல் தபாலில் இத்தாலியின் பலெர்மோவுக்குப் போனது. அங்கே எமிலியோ செக்ரேயும் கார்லோ பெரியரும் அதற்குள் புதிய தனிமத்தைக் கண்டார்கள். அடுத்த ஆண்டே செக்ரே பெர்க்லியில் கிளென் சீபோர்குடன் சேர்ந்து, மருத்துவத்துக்கு இன்று பயன்படும் அந்த 99எம் வகையை இனங்கண்டார். அதே பெர்க்லியில் 1950களின் இறுதியில் ஹால் ஆங்கர் காமா கேமராவை உருவாக்கினார். இன்று சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் கணினி வேலை பார்க்கும் நம்மவர்கள் தினமும் கடந்துபோகும் குன்றுகளின் அடிவாரத்தில்தான் இவற்றில் பல நடந்தன.

டெக்னீஷியத்தின் அரை ஆயுள் 6 மணி நேரம். அதாவது காலையில் இருந்தது மதியம் பாதி, மாலையில் கால். படம் எடுக்கப் போதுமான நேரம் இருக்கிறது, உடலில் நாள்கணக்கில் தங்குவதுமில்லை. அது வெளிவிடும் காமா கதிரின் ஆற்றல் 140 கிலோ எலக்ட்ரான் வோல்ட். உடலைத் தாண்டி வெளியே வரும் அளவுக்கு வலுவானது, கேமராவின் படிகம் பிடிக்க முடியாத அளவுக்கு வலுவானதல்ல. இவ்வளவு பொருத்தமாக அமைந்த ஐசோடோப்பு வேறில்லை என்றே சொல்வேன்.

ஆனால் 6 மணி நேரத்தில் பாதியாகும் பொருளைக் கிடங்கில் வைக்க முடியாது. அதன் தாய்ப்பொருளான மாலிப்டினம்-99க்கு அரை ஆயுள் 66 மணி நேரம். அணு உலையில் யுரேனியத்தைப் பிளந்து மாலிப்டினத்தைப் பிரித்து, அலுமினா நிரப்பிய சிறு குழாயில் ஏற்றி, ஈயக் கவசத்துக்குள் வைத்து அனுப்புகிறார்கள். குழாயின் வழியே உப்பு நீரைச் செலுத்தினால் மாலிப்டினம் ஒட்டியபடியே இருக்கும், அதிலிருந்து பிறந்த டெக்னீஷியம் மட்டும் கரைந்து வரும். மறுநாள் மறுபடியும் ஊறியிருக்கும். இந்த ஜெனரேட்டரை 1950களின் இறுதியில் நியூயார்க் மாநிலத்தின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் வால்டர் டக்கரும் மார்கரெட் கிரீனும் உருவாக்கினார்கள்.

ரவுண்ட் ராக் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழும் ஊர். ஆஸ்டினுக்கு வடக்கே, ஐ-35 நெடுஞ்சாலையை ஒட்டி, டெல் நிறுவனத்தின் தலைமையகம் இருக்கும் இடம். அங்கிருந்து அரை மணி நேரக் காரோட்டத்தில், ஆஸ்டினின் பிக்கிள் வளாகத்தில், டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமாக ஓர் அணு உலையே இருக்கிறது. அது கல்விக்கும் ஆராய்ச்சிக்கும். மருத்துவமனைக்கு வேண்டிய மாலிப்டினத்துக்கு நெதர்லாந்து, பெல்ஜியம், தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளின் உலைகளையே அமெரிக்கா பெரிதும் நம்பியிருக்கிறது. விமானத்தில் வரும் வழியெல்லாம் மணிக்கு ஒரு விழுக்காடு கரைந்துகொண்டே வருகிறது. 2009 மே மாதம் கனடாவின் சாக் ரிவர் உலையில் கசிவு கண்டு 15 மாதம் மூடினார்கள். அதற்கு நடுவிலேயே நெதர்லாந்தின் பெட்டன் உலையும் பழுதுபார்ப்புக்காக நின்றது. உலகெங்கும் சோதனைகள் தள்ளிப்போயின. பல ஆய்வகங்கள் பழைய தாலியத்துக்குத் திரும்பின. இந்தியாவில் டிராம்பேயின் துருவா உலையும், பிரிட் என்ற அரசு அமைப்பும் இந்தப் பொறுப்பில் பங்கைச் சுமக்கின்றன. உள்நாட்டிலேயே செய்துகொள்ளும் திறமை ஒரு நாட்டுக்கு எவ்வளவு அவசியம் என்பதை அந்தப் பற்றாக்குறைக் காலம் காட்டியது.

அமெரிக்காவில் இதற்கென்றே தனி மருந்தகங்கள் உண்டு. ஊர் உறங்கும் அதிகாலையில் ஜெனரேட்டரிலிருந்து டெக்னீஷியத்தை எடுத்து, செஸ்டாமிபி போன்ற மூலக்கூறுடன் கலந்து, ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனி ஊசியில் நிரப்புகிறார்கள். காலை 8 மணிக்கு 10 மில்லிகியூரி கதிரியக்கம் வேண்டுமென்றால், 4 மணிக்கு நிரப்பும்போது ஏறக்குறைய 16 மில்லிகியூரி இருக்க வேண்டும். வழியில் தேய்ந்து, மருத்துவமனைக்கு வந்து சேரும்போது கணக்கு சரியாகும். ஈய உறைகளில் அடங்கிய ஊசிகளோடு கார்கள் விடியுமுன்பே கிளம்பிவிடும். ஐ-35இல் லாரி கவிழ்ந்து போக்குவரத்து நின்றால் அன்றைய மருந்தின் வலு அங்கேயே வடிகிறது.

சோதனை நாளில் நம்மவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் காபி. "ஒரு வாய்தான் குடிச்சேன், அதுவும் பால்தான் ஜாஸ்தி" என்று சொல்லிப் பயனில்லை. ட்ரெட்மில்லில் நடக்க முடியாதவர்களுக்கு ரெகாடினோசான் என்ற மருந்தை ஊசியாகச் செலுத்தி இதயத் தமனிகளை விரிக்கிறார்கள். அந்த மருந்து போய் அமரவேண்டிய அடினோசின் ஏற்பிகளில் காஃபீன் முன்கூட்டியே அமர்ந்துகொள்கிறது. தமனி விரியாது. விரியாத தமனியைப் படமெடுத்தால் அடைப்பு இருந்தும் படம் நன்றாக வந்துவிடும். தப்பான நிம்மதியோடு ஒருவர் வீட்டுக்குப் போவதைவிட மோசமானது எதுவும் இல்லை. அதனால் 12 மணி நேரம் முதல் ஒரு நாள் வரை காபி, டீ, கோலா, சாக்லேட் எதுவும் கூடாது என்கிறார்கள். டிகாஃப் என்று எழுதியிருப்பதிலும் கொஞ்சம் காஃபீன் உண்டு, அதுவும் கூடாது. ஊசி போட்டதும் முகம் சூடாகும், மூச்சு வாங்கும், தலை வலிக்கும். சில நிமிடங்களில் அடங்கும். அடங்காவிட்டால் பல ஆய்வகங்களில் அப்போது காபி கொடுப்பார்கள். எந்த வேலையைக் கெடுக்குமென்று தடுத்தார்களோ, அந்த வேலையை முடித்துவைக்க அதே காஃபீன் உதவுகிறது.

நடக்க முடிந்தவர்களுக்கு ட்ரெட்மில்தான் நல்லது. மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் ஏற்றமும் கூடும். வயதை 220இலிருந்து கழித்து வரும் எண்ணில் 85 விழுக்காட்டைத் துடிப்பு தொட்டதும் கையில் இருக்கும் ஊசி வழியே மருந்து போகும். இன்னும் ஒரு நிமிடம் நடக்கச் சொல்வார்கள். அந்த ஒரு நிமிடம் முக்கியமானது. செஸ்டாமிபி ரத்தத்தோடு போய் இதயத் தசையின் செல்களுக்குள், மைட்டோகாண்ட்ரியாவின் மின்னழுத்தத்தால் இழுக்கப்பட்டு, அங்கேயே தங்கிவிடுகிறது. பிறகு ஒரு மணி நேரம் கழித்துக் கேமராவின் அடியில் அமைதியாகப் படுத்திருக்கும்போது எடுக்கும் படத்திலும் தெரிவது, மூச்சிரைக்க நடந்த அந்த நிமிடத்தின் ரத்த ஓட்டம்தான்.

இடைப்பட்ட நேரத்தில் கொஞ்சம் சாப்பிடச் சொல்வதும் உண்டு. கல்லீரல் வழியாகக் குடலுக்கு வரும் மருந்து இதயத்தின் அடிப்பகுதிக்கு அருகில் பளிச்சென்று தெரிந்து படத்தைக் குழப்பும். அது நகர்ந்து போகவேண்டும். பிறகு கையைத் தலைக்குமேல் தூக்கி வைத்துக்கொண்டு கால் மணி நேரம் அசையாமல் படுக்க வேண்டும். கேமராவின் இரண்டு தலைகள் மார்பைச் சுற்றி வரும். கணினி இதயத்தை நடுவில் ஓட்டையுள்ள வளையங்களாக வெட்டிக் காட்டும். ஓய்வில் தனியாக எடுக்கும் படத்தில் முழு வளையம், உழைப்புப் படத்தில் ஒரு பக்கம் மங்கல் என்றால், அங்கே தசை உயிரோடு இருக்கிறது, ரத்தம் போதவில்லை. இரண்டிலும் அதே இடம் மங்கல் என்றால் பழைய மாரடைப்பின் வடுவாக இருக்கலாம். பெண்களுக்கு மார்பகமும் ஆண்களுக்கு உதரவிதானமும் கதிரைத் தடுத்து, இல்லாத மங்கலைக் காட்டுவதும் உண்டு. குப்புறப் படுக்க வைத்து மறுபடி எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் வேறுபாடு தெரியும்.

தெற்காசியர்களுக்கு இது ஏன் அதிகம் தேவைப்படுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில், தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வந்த சராசரி வயது 53. மற்ற நாட்டினருக்கு ஏறக்குறைய 59. விரிகுடாப் பகுதியிலும் சிகாகோவிலும் 2010 முதல் நடக்கும் மசாலா என்ற தொடர் ஆய்வு, அமெரிக்கத் தெற்காசியர்களின் இதயத்தைப் பின்தொடர்ந்து வருகிறது. ஒல்லியாக இருந்தும் வயிற்றில் கொழுப்பு, இளவயதிலேயே சர்க்கரை என்பது நம் குடும்பங்களில் பழகிப்போன காட்சி.

சர்க்கரை நோயாளிகளின் விஷயத்தில் இந்தப் படத்துக்கு ஒரு பலவீனம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. சாதாரண காமா கேமரா ஒரு பக்கத்தை இன்னொரு பக்கத்தோடு ஒப்பிட்டுத்தான் சொல்கிறது. மூன்று பெரிய தமனிகளிலும் ஒரே அளவில் அடைப்பு இருந்தால் எல்லாக் கடைமடையும் சமமாகக் காய்ந்திருக்கும். ஒப்பிட நல்ல வயலே இல்லாததால் படம் சீராக வந்துவிடும். உழைப்பில் இதயத்தின் அறை விரிந்து தெரிவது போன்ற மறைமுகத் தடயங்களை அனுபவமுள்ள மருத்துவர் தேடுவார். இதற்கு நேர்வழி, பெட் (PET) கேமராவில் ரூபிடியம்-82ஐக் கொண்டு ஓட்டத்தை ஒப்பிடாமல் நேராக அளப்பது: ஒரு கிராம் தசைக்கு நிமிடத்துக்கு எத்தனை மில்லிலிட்டர்? ரூபிடியத்தின் அரை ஆயுள் ஒன்றேகால் நிமிடம்தான். ஜெனரேட்டரை நோயாளியின் பக்கத்திலேயே நிறுத்தி, நேராகச் சிரையில் செலுத்துகிறார்கள். ஹூஸ்டனில் கூல்ட் தன் வாழ்நாளைக் கொடுத்தது இந்த அளவீட்டுக்குத்தான். ஆஞ்சியோவில் எல்லாம் சுத்தம் என்று அனுப்பப்பட்டும் நெஞ்சு வலியோடு அலையும் பெண்கள் பலர். அவர்களுடைய நோய் கண்ணுக்குத் தெரியாத நுண்தமனிகளில் இருக்கலாம். அதை எண்ணாக எழுதிக் காட்ட முடிந்தது பெரிய நியாயம்.

மங்கல் தெரிந்தால் உடனே ஸ்டென்ட் என்பதும் இல்லை. இந்திய மருத்துவமனைகளும் பங்கேற்ற இஸ்கீமியா என்ற ஆய்வு 2019 இறுதியில் முடிவுகளை அறிவித்தது. நடுத்தரமோ கடுமையோ ஆன ரத்தக் குறைவு இருந்த 5,179 பேரில், உடனே ஆஞ்சியோவும் ஸ்டென்டும் பைபாஸும் என்று போனவர்களுக்கும், முதலில் மருந்தோடு தொடங்கியவர்களுக்கும், மூன்று ஆண்டுகளுக்கு மேலான கண்காணிப்பில் மரணத்திலும் மாரடைப்பிலும் பெரிய வித்தியாசம் இல்லை. நெஞ்சு வலி அடிக்கடி வந்தவர்களுக்குத் தலையீட்டால் வலி நன்றாகக் குறைந்தது. இடது முதன்மைத் தமனியில் அடைப்பு இருந்தவர்களை ஆய்வில் சேர்க்கவில்லை, இதையும் நினைவில் வைக்க வேண்டும். மருத்துவரிடம் உட்கார்ந்து பேச இவையெல்லாம் இடம் தருகின்றன. பேசுங்கள், கேளுங்கள்.

நுரையீரலுக்கு வருவோம். சென்னையிலிருந்து ஆஸ்டின் வந்து சேர 20 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. பேரப்பிள்ளை பிறப்புக்கு வரும் பெற்றோர் ஜன்னலோர இருக்கையில் மடங்கியபடி இவ்வளவு நேரம் கிடந்தால், சிலருக்குக் காலின் ஆழ்சிரையில் ரத்தம் உறையலாம். அந்தக் கட்டி கழன்று நுரையீரல் தமனியில் அடைத்தால் திடீர் மூச்சுத்திணறல் வரும். இன்று முதலில் எடுப்பது சி.டி. ஆஞ்சியோதான். ஆனால் சிறுநீரகம் பழுதானவர், அயோடின் மருந்து ஒவ்வாதவர், கர்ப்பிணி என்றால் அணுப் படம் கைகொடுக்கும்.

இதன் வழிமுறை துணிச்சலானது. மனித ரத்தத்தின் ஆல்புமின் புரதத்தைச் சூடாக்கித் திரட்டி, 10 முதல் 90 மைக்ரான் வரையுள்ள துகள்களாக்கி, டெக்னீஷியம் ஏற்றிச் சிரையில் செலுத்துகிறார்கள். நுரையீரலின் நுண்குழாய் 7, 8 மைக்ரான்தான். துகள்கள் அங்கே சிக்கிக்கொள்ளும், சிக்கவேண்டும் என்பதே நோக்கம். சில லட்சம் துகள்கள் போகின்றன, நுரையீரலில் இருக்கும் நுண்தமனிகளோ கோடிக்கணக்கில். ஆயிரத்தில் ஒன்று என்ற அளவில்தான் அடைபடும், அதுவும் சில மணி நேரத்தில் புரதம் சிதைந்து திறந்துவிடும். பெரிய கட்டி அடைத்த பக்கத்துக்குத் துகளே போகாது. படத்தில் அங்கே ஆப்பு வடிவில் வெறுமை தெரியும். இதோடு மூச்சில் இழுக்கும் மருந்தால் காற்றின் படத்தையும் எடுக்கிறார்கள். காற்று போகிறது, ரத்தம் போகவில்லை என்றால் கட்டி. இரண்டுமே போகவில்லை என்றால் நிமோனியா, ஆஸ்துமா, புகைத்துக் கெட்ட நுரையீரல் என்று வேறு திசையில் யோசிக்க வேண்டும். மூச்சுத்திணறலோடு ஆண்டுக்கணக்கில் ஆஸ்துமா மருந்து இழுத்துக்கொண்டிருப்பவர்களில் சிலருக்குப் பழைய கட்டிகள் கரையாமல் தங்கி நுரையீரல் ரத்த அழுத்தம் ஏறியிருக்கும். இந்த நோயைப் பிடிக்க இன்றும் முதலில் கேட்க வேண்டியது இந்தப் படத்தைத்தான். கட்டிகளை அறுவைச் சிகிச்சையால் உரித்தெடுக்க முடியும் என்பதால், பெயர் வைப்பதோடு நிற்காமல் குணமாக்கவே இது வழிகாட்டுகிறது.

கதிரைப் பற்றிய பயத்துக்கும் பதில் சொல்லவேண்டும். நுரையீரல் படத்துக்குச் சுமார் 2 மில்லிசீவர்ட், இதயத்தின் இரண்டு படங்களுக்கும் சேர்த்துச் சுமார் 10. அமெரிக்காவில் ஒருவர் இயற்கையிலிருந்து ஆண்டுக்குப் பெறுவது 3. காரணமில்லாமல் எடுக்கக் கூடாது, காரணம் இருக்கும்போது பயந்து தவிர்க்கவும் கூடாது. சோதனை முடிந்த மறுநாள் விமானம் ஏறுபவர்கள் மருத்துவமனைக் கடிதம் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. விமான நிலையத்துக் கதிர்மானிகள் மிக நுட்பமானவை.

மூளைக்குச் செலுத்தும் மருந்தின் பெயர் எச்.எம்.பி.ஏ.ஓ. கொழுப்பில் கரையும் வடிவில் மூளையின் காவல் சுவரைத் தாண்டி உள்ளே போகும். போனதும் நீரில் கரையும் வடிவுக்கு மாறி வெளியே வர முடியாமல் நிற்கும். இது நடந்து முடிய ஓரிரு நிமிடம்தான். அல்சைமரில் நெற்றிப்பொட்டுக்கும் உச்சிக்கும் இடைப்பட்ட பின்பகுதிகளில் ஓட்டம் குறைவது இதில் தெரியும், இன்று அதற்கு பெட் படம் பெருமளவு இடம் பிடித்துவிட்டது. இந்த மருந்து ஈடில்லாமல் நிற்கும் இடம் மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு.

வலிப்பு மூளையின் எந்த மூலையில் தொடங்குகிறது என்று தெரிந்தால் சிலருக்கு அந்த இடத்தை அறுத்து எடுத்துவிடலாம். எம்.ஆர்.ஐ.யில் ஒன்றும் தெரியாதபோதுதான் சிக்கல். வலிப்பு வரும்போது அந்த மூலையில் ரத்த ஓட்டம் திடீரென்று கூடும். ஆனால் துடித்துக்கொண்டிருப்பவரைக் கேமராவுக்குள் படுக்க வைக்க முடியாது. அதனால் நோயாளியை வார்டில் வீடியோவும் இ.இ.ஜி.யும் வைத்துக் கண்காணிக்கிறார்கள். பக்கத்தில் பயிற்சி பெற்ற செவிலியர் ஈய உறையில் ஊசியோடு காத்திருப்பார். நேரம் போகப்போக மருந்தின் வலு தேய்வதால், 10 மணிக்கு வந்தால் இத்தனை மில்லி, மதியம் வந்தால் இத்தனை என்று அளவைக் கூட்டி எழுதிய அட்டவணை கையில் இருக்கும். அன்று வலிப்பு வராவிட்டால் மருந்து வீண், மறுநாள் புதிய ஊசி. வந்தால் நொடிகளுக்குள் செலுத்த வேண்டும். பிறகு நோயாளி தெளிந்து, சில மணி நேரம் கழித்து எடுத்தாலும் படத்தில் இருப்பது வலிப்பின் நேரம்.

இன்னொரு நாள் வலிப்பில்லாத வேளையில் அதே மருந்தைச் செலுத்தி இரண்டாவது படம் எடுக்கிறார்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கணினியில் கழித்து, மிஞ்சுவதை எம்.ஆர்.ஐ.யின் மேல் பொருத்துகிறார்கள். ஊசி அரை நிமிடம் தாமதித்தால், ஒளிரும் இடம் வலிப்பு தொடங்கிய இடமாக இல்லாமல் பரவிச் சேர்ந்த இடமாகவும் இருக்கலாம். ஆகவே படத்தின் அறிக்கையில், வலிப்பு தொடங்கி எத்தனையாவது நொடியில் மருந்து உள்ளே போனது என்பதையும் எழுதுகிறார்கள். அறுவை மருத்துவர் அந்த எண்ணைப் படித்துவிட்டுத்தான் படத்தைப் பார்க்கத் தொடங்குவார்.